மடியில் ஏறாமல் வண்டி உருளாது

எண்பதுகளில் அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சிக்குப் பஸ் ஏறிய ஆம்பளைகள் வெயிலுக்குப் பயப்படவில்லை, கடன்காரனுக்குப் பயப்படவில்லை. பிள்ளைபிடி கண்டக்டருக்குத்தான் பயந்தார்கள்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கைப்பிள்ளையோடு ஒருத்தி ஏறினால் முதலில் டிக்கெட் கேட்கமாட்டார். கையை நீட்டிப் பிள்ளையைப் பிடுங்குவார். அதன் அப்பன் எந்த சீட்டில் பதுங்கியிருந்தாலும் தேடிப்போய் மடியில் வைப்பார். அப்புறம்தான் விசில்.

அப்பன் வரவில்லையென்றால் அகப்பட்டவன் மடி. ஒருமுறை விறைப்பாக உட்கார்ந்திருந்த போலீஸ் ஏட்டு மாட்டிக்கொண்டார்.

"யோவ், நான் டூட்டியில இருக்கேன்யா!"

"பிள்ளையும் டூட்டியிலதான் இருக்கு. லத்திய இங்கிட்டு குடுங்க, ஏட்டையா."

அடுத்த திருப்பம் தாண்டுவதற்குள் பிள்ளை தன் டூட்டியை முடித்தது. காக்கி நனைந்தது. பஸ்ஸே சிரித்தது.

எங்கள் பக்கம் ஒரு பாழாய்ப்போன வழக்கம் இருந்தது. அப்பன் இருக்கிற இடத்தில் மகன் தன் பிள்ளையைத் தூக்கக் கூடாது, மரியாதைக் குறைவாம். என் மாமனாரோ கல்யாணம், காரியம் தவிர வீட்டைவிட்டு நகராதவர். என் மகன் குப்புற விழுந்து தலை தூக்கிவிட்டான். அப்பன் மடி என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. எந்நேரமும் வீறிட்டு அழுவான். கேட்டால், "அந்த வயசுல பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்பார்கள். எல்லாம் தெரியும்.

ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது மாமனார், என் வீட்டுக்காரர், நான் மூவரும் அந்தப் பஸ்ஸில் ஏறினோம். அவர்களுக்கு சீட் கிடைத்தது. நான் கத்துகிற பிள்ளையோடு நின்றேன்.

"இவன் அப்பன் எங்க தாயி?"

என் வீட்டுக்காரரைத் தாடையால் காட்டினேன். அடுத்த நொடி பிள்ளை அவர் மடியில் இருந்தான்.

மாமனார் எழுந்துவிட்டார். "பெரியவுக இருக்கையில என்னய்யா பழக்கம் இது?"

"வண்டிக்குள்ள நான்தான் பெரியவன். வீட்டுக்கு வந்தா நீங்க சொல்றதக் கேட்டுக்கிறேன். உக்காருங்க."

என் வீட்டுக்காரர் கொதிக்கிற சட்டியைப் பிடித்தமாதிரி பிடித்திருந்தார். பிள்ளை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அடங்கினான். தூங்கிப்போனான்.

"நெஞ்சுல மூச்சு படுதுடி," என்றார் மெதுவாக. அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஊர் வந்ததும் இரவல் பாத்திரம் மாதிரி என்னிடம் நீட்டிவிட்டார்.

அதிலிருந்து பிள்ளைக்குக் காது வலி, வயிற்று வலி என்று பொய் சொல்லி அவரையும் இழுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். மாமனார் பக்கத்தில் இல்லாத அந்தப் பஸ்ஸிலும் இவர் தானாகக் கை நீட்டமாட்டார். கண்டக்டர்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். என் மகன் வாய்விட்டுச் சிரித்தது அந்த சீட்டில்தான்.

அவன் நடக்கும் முன்பே கண்டக்டரை வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவன் டிக்கெட் மட்டும் கிழித்தான். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமனார் போய்ச் சேர்ந்தார். இனி பிள்ளையைத் தூக்கத் தடையில்லை, அவன்தான் வளர்ந்துவிட்டான். பக்கத்திலேயே அப்பா உட்கார்ந்திருக்க, "அவுகளச் சாப்பிடச் சொல்லும்மா" என்று என்னிடம் சொல்கிறான். அவரும் என்னைத்தான் பார்க்கிறார். ஆத்திரமாக வருகிறது. அந்தக் கண்டக்டர் மனுஷன் இன்னும் கொஞ்ச நாள் எங்கள் ரூட்டில் ஓடியிருக்கக் கூடாதா?

இப்போதும் எந்தப் பஸ்ஸிலாவது கண்டக்டர் கை நீட்டினால், நான் உடனே காசை எடுப்பதில்லை. கை முதலில் இடுப்புக்குத்தான் போகிறது, பிள்ளையைக் கொடுக்க.