உப்பு மேல் இழுப்பறையில் இருக்கிறது

பிறர் செய்ததில் பிழை கண்டுபிடிப்பதற்காகவே முப்பத்தோரு ஆண்டுகள் சம்பளம் வாங்கியவன் நான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்பு ஆலையின் தரக்கட்டுப்பாட்டுத் தலைவர், உலோகவியலில் முனைவர், மேசைமீது எந்நேரமும் கூராகச் சீவிய சிவப்புப் பென்சில். அத்தகையவன் அறுபத்து நான்காம் வயதில், பதினான்கு வரிக் கணினி நிரலில் பதினெட்டுப் பிழைகள் செய்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். (வரிக்கு ஒன்றுக்கும் மேல். நானேதான் எண்ணினேன், வேறு யாரையும் நம்பவில்லை.)

எல்லாவற்றுக்கும் காரணம் உப்பு.

என் மனைவி சரோஜா இருந்தவரை எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் தொலைந்ததில்லை. "நகவெட்டி எங்கே?" என்று நான் கூடத்திலிருந்து கேட்பேன். சமையலறையிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், விடை வரும். அவள் மறைந்த மூன்றாம் மாதம், உப்பு டப்பாவை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் ஒன்பது நாளாக உப்பில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடையில் ஒரு பாக்கெட் வாங்கியிருக்கலாம். ஆனால் வீட்டில் இருக்கும் பொருளை மறுபடி வாங்குவது நிர்வாகத் தோல்வி என்பது என் கொள்கை. இந்தக் கொள்கையை மகள் அகிலாவிடம் போனில் சற்றுப் பெருமையாகவே விளக்கிவிட்டேன்.

அகிலா கோயம்புத்தூரில் பல் மருத்துவர். பிடுங்குவது என்று முடிவு செய்துவிட்டால் தயங்க மாட்டாள்.

"அப்பா, இங்க ரூம் ரெடியா இருக்கு. வீட்டப் பூட்டிட்டு வந்துடுங்க."

"என்னால் இங்கே தனியாகச் சமாளிக்க முடியும்."

"சரி, உப்பு எங்க இருக்குன்னு இப்ப சொல்லுங்க. விட்டுடறேன்."

இரண்டு மாதம் தவணை கேட்டேன். அதற்குள் வீட்டில் எந்தப் பொருளைக் கேட்டாலும் நொடியில் இடம் சொல்லும் ஏற்பாடு ஒன்றைச் செய்து காட்டுவேன். தோற்றால் மறுபேச்சின்றிக் கோயம்புத்தூர். அகிலா ஒப்புக்கொண்டாள். சரோஜா இருந்த வீட்டைப் பூட்டுவதா வேண்டாமா என்பது இப்படியாகக் கணினியின் கைக்குப் போயிற்று.

புதுவாயல் கூட்டுரோட்டில், மொபைல் கடை ஒன்றின் மாடியில், மெர்சி என்கிற இளம் ஆசிரியை பைத்தான் என்ற கணினி மொழியைச் சொல்லிக்கொடுத்தார். உடன் படித்தவர்கள் ஷிப்ட் முடித்து யூனிஃபார்மோடு வரும் ஆலைத் தொழிலாளர்கள். 'கிளாஸ்' என்றால் என்ன என்று மெர்சி விளக்கியபோது மற்றவர்கள் விழித்தார்கள். எனக்கோ ஐந்தே நிமிடத்தில் விளங்கிவிட்டது. கிளாஸ் என்பது எங்கள் ஆலையின் பேட்டர்ன். மரத்தால் ஒரே ஒரு பேட்டர்ன் செய்து, அதை மணலில் பதித்து, எத்தனை வார்ப்பு வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்த வார்ப்புகள்தாம் 'ஆப்ஜெக்ட்'. ஆகவே 'பொருள்' என்று ஒரு கிளாஸ். அதிலிருந்து உப்பு, குடை, நகவெட்டி என ஒவ்வொரு வார்ப்பு. ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம். இதில் கற்பதற்கு என்ன இருக்கிறது?

மெர்சி தந்த பதினான்கு வரி மாதிரி நிரலை வீட்டுக்குக் கொண்டுவந்து, பழக்கதோஷத்தில் சிவப்புப் பென்சிலால் திருத்தினேன். முதல் வரியின் முடிவில் காரணமின்றி ஒரு முக்காற்புள்ளி, அடித்தேன். அடுத்த வரிகள் படிக்கட்டு இறங்குவதுபோல் உள்ளே தள்ளித் தள்ளி நின்றன. அணிவகுப்புப்போல் ஒரே விளிம்புக்குக் கொண்டுவந்தேன். 'செல்ஃப்' என்றொரு சொல் வரிக்கு வரி வந்துகொண்டிருந்தது. என் கீழ் வேலை பார்த்த எவரும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதித் தப்பியதில்லை. அத்தனையையும் நீக்கினேன்.

மறுநாள் மெர்சி அந்தத் தாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

"சார், இதெல்லாம் எடுத்துட்டா ஓடாது சார்."

"தேவையற்ற சொல் எந்த அறிக்கைக்கும் அழகல்ல, மெர்சி."

"இது ரிப்போர்ட் இல்ல சார்..."

மீதி நாள்களில் வீட்டுப் பொருள்கள் நூற்று நாற்பத்து மூன்றையும் தேடிப் பட்டியலிட்டு நிரலில் சேர்த்தேன். உப்பும் கிடைத்தது. ஆனால் நிரலை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. நான் கையெழுத்திட்ட எதையும் மறுபரிசோதனைக்கு அனுப்பும் வழக்கம் ஆலையிலேயே இருந்ததில்லை. (திமிர் என்பார்கள். தன்னம்பிக்கை என்று நான் குறித்துவைத்திருந்தேன்.)

குறித்த ஞாயிறு காலை அகிலா வந்தாள். சாட்சிக்கு ஏழுமலையை அழைத்திருந்தேன். எங்கள் ஆலையின் மோல்டிங் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர்; அடுத்த தெருக்காரர்.

"இன்னா சார், கம்ப்யூட்டர்ல ஊட்டையே ஏத்திக்கினீங்களாமே!" என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நான் பொத்தானை அழுத்தினேன். திரை சிவந்தது. முதல் வரியில் முக்காற்புள்ளி எங்கே என்று கேட்டது. வைத்தேன். இரண்டாம் வரி ஏன் உள்ளே தள்ளி நிற்கவில்லை என்று கேட்டது. தள்ளினேன். மூன்றாவதையும் தள்ளச் சொன்னது. ஒழுங்காக நின்றவர்களையெல்லாம் ஒவ்வொருவராகப் பிடித்துத் தள்ளினேன்.

"சார், நாஷ்டா துன்னுட்டு வந்துடட்டா?" என்றார் ஏழுமலை.

அடுத்து, ஒரு புள்ளிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று முறையிட்டது. செல்ஃபை அடித்தவன் அதை ஒட்டியிருந்த புள்ளியை விட்டிருக்கிறேன். மெர்சி சொன்ன சொல்லை அங்கே திரும்ப வைக்க மனம் வரவில்லை. கிளாஸின் பெயரான 'பொருள்' என்பதையே ஒவ்வொரு புள்ளிக்கு முன்னும் வைத்தேன். ஏற்றுக்கொண்டது. எனக்குள் ஒரு சிறு வெற்றிப் புன்னகை.

உடனே புதுப் புகார்: இரண்டுதான் எதிர்பார்த்தேன், மூன்று கொடுத்திருக்கிறீர்கள்.

நான் கொடுத்தவை பெயரும் இடமும், இரண்டே. விரல்விட்டு எண்ணிக் காட்டினேன்.

"மூணாவது யாரு சார் குடுத்தது? நான் ஒண்ணியும் தொடல" என்று ஏழுமலை இரு கைகளையும் தூக்கினார்.

வேறு வழியில்லை. யாரும் கவனிக்காதபோது, அடைப்புக்குள் மட்டும் ஒரே ஒரு செல்ஃபைச் சேர்த்தேன். நிரல் ஓடியது! நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "கேள்" என்றேன்.

"உப்பு" என்றாள் அகிலா. தட்டினேன்.

'அப்பா மேசை, மேல் இழுப்பறை.'

"குடை?"

'அப்பா மேசை, மேல் இழுப்பறை.'

"சரிப்பா... கிரைண்டர்?"

கிரைண்டரும் அங்கேதான் இருந்தது.

அகிலா எழுந்துபோய் அந்த இழுப்பறையைத் திறந்தாள். தடுப்பதற்குள் திறந்துவிட்டாள். உள்ளே சரோஜாவின் மூக்குக்கண்ணாடி மட்டும் இருந்தது. என் பட்டியலின் நூற்று நாற்பத்து மூன்றாவது, கடைசிப் பொருள். எங்கே இருக்கிறதென்று எனக்கு எப்போதும் தெரிந்த ஒரே பொருளும் அதுதான். ஆனாலும் பட்டியல் என்றால் முழுமையாக இருக்க வேண்டுமல்லவா?

அகிலா எனக்கு முதுகைக் காட்டியபடியே அந்தக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இழுப்பறையை ஓசையில்லாமல் மூடினாள்.

"உப்பு இல்லப்பா" என்றாள்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழுமலையும் திரையைப் பார்த்தார். என் தோளுக்குப் பின்னாலிருந்து மெல்லக் கேட்டார்:

"சார்... நம்பரைப் பேட்டர்ன்லயே அட்ச்சிக்கினீங்களா?"

விளக்க வேண்டும். எங்கள் ஆலையில் ஒவ்வொரு வால்வுக்கும் தனி எண். எண் பொறித்த தகட்டை ஒவ்வொரு வார்ப்புக்கும் மாற்ற வேண்டும். ஒருமுறை ஏழுமலை அந்தத் தகட்டைப் பேட்டர்னிலேயே ஆணியடித்துவிட, அறுபது வால்வுகளும் பதினேழாம் எண்ணோடு பிறந்தன. அன்று நான் கொடுத்த மெமோவின் தமிழ் நடையை ஆலையில் வெகுநாள் பேசிக்கொண்டார்கள். இப்போது நானும் அதையே செய்திருக்கிறேன். இடத்தை அந்தந்தப் பொருளில் எழுதாமல் கிளாஸில் எழுதிவிட்டேன். கடைசியாக எழுதியது எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. 'இந்த வார்ப்பு' என்று சுட்டத்தான் வரிக்கு வரி 'செல்ஃப்' இருந்திருக்கிறது. நான் கொடுக்காமலே வந்த மூன்றாவதும் அந்த வார்ப்பேதான்.

"நாளிக்கி காலீல பத்து மணிக்குள்ள எழுத்து மூலமா வெளக்கம் குடுத்துடுங்க சார்" என்றார் ஏழுமலை, அந்த மெமோவின் வரியை என் குரலிலேயே.

அகிலா சிரித்தாள். அந்த வீட்டில் ஐந்து மாதங்களாக யாரும் சிரித்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறுத்த முடியாமல், கிரைண்டர் இருந்ததாகச் சொல்லப்பட்ட மேசையைக் கைநீட்டிக் காட்டிக் காட்டிச் சிரித்தாள்.

மாலைக்குள் பிழைகளைத் திருத்தினேன். உப்பு, பிரிட்ஜின் மேலே பிஸ்கட் டப்பாவில் என்று நிரல் சொன்னது; இருந்தது. ஆனால் காலையிலேயே நான் தோற்றாயிற்று. பேச்சுத் தவறும் வழக்கம் எனக்கில்லை. பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தேன்.

"அத உள்ள வைங்க" என்றாள் அகிலா. "கோயம்புத்தூர் ரூம்ல உங்க மாப்பிள்ளை ட்ரெட்மில் போட்டுக்கட்டும். நீங்க இங்கயே இருங்க."

சொல்லும்போது அவள் என் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஊருக்குப் போன மறுநாள் மேல் இழுப்பறையைத் திறந்தேன். கண்ணாடிக்குப் பக்கத்தில், பிரிக்காத ஒரு கிலோ உப்பு பாக்கெட் இருந்தது. வீட்டில் இருக்கும் பொருளை மறுபடி வாங்கியிருக்கிறாள்.

இன்றும் இங்கே சாப்பிட வரும்போது குழம்பில் உப்பு குறைந்தால் மாப்பிள்ளை தலையைத் திருப்பி என் மேசையைப் பார்ப்பார். அகிலா வரும்போதெல்லாம் பாக்கெட்டைப் புதிதாக மாற்றி வைக்கிறாள். ஏழுமலைக்குத் தர வேண்டிய விளக்கம்தான் நிலுவையில் இருந்தது. நீங்கள் படித்த இதையே படியெடுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறேன். நிரலில் உப்புக்கு இப்போது இரண்டு இடங்கள்.