மைதானத்தில் நிற்கும் உங்கள் கார் விஷயமாக

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், அம்மா, அத்தை மூவரும் நலம். அங்கே நீங்களும் உங்கள் மகளும் மாப்பிள்ளையும் புதிதாக வந்திருக்கும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் காரும் இப்போது நலம்தான், ஆனால் வீட்டில் இல்லை. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் மூன்றாவது வாக்கியத்துக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படியுங்கள்.

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் இரண்டு வருஷமாக நான் அடுத்தவர் வேனில் டூல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய் வருவது உங்களுக்குத் தெரியும். இந்த மாதக் கடைசிக்குள் டிரைவிங் லைசென்ஸ் காட்டினால் தனி வேன், நாற்பது லிஃப்டுகள் என் பொறுப்பில். காட்டாவிட்டால் வேன் அடுத்தவனுக்கு. டெஸ்ட் புதன்கிழமை. அதைத் தவறவிட்டால் அடுத்த தேதி ஆறு வாரம் கழித்துத்தான். டெஸ்டுக்கு வண்டியை நாம்தான் கொண்டுபோக வேண்டும், வண்டி ஓட்டத் தகுதியாகவும் இன்சூரன்ஸோடும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடாமலே திரும்பிவிடலாம் என்று கடிதம் வந்திருந்தது. நீங்கள்தான் ரயில் ஏறும்போது, "நம்ம வண்டியை எடுத்துட்டுப் போடா, அது தங்கம்" என்றீர்கள்.

தங்கம் என்றாலும் உரசிப் பார்க்கிறவன் நான். செவ்வாய்க்கிழமை காலை லீவு போட்டுவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு தங்கத்துக்கு அடியில் படுத்தேன். எண்ணெய்க் கசிவு, ஹாரன், வைப்பர் பற்றியெல்லாம் தனியாக ஒரு தாள் இணைத்திருக்கிறேன், ஓய்வாகப் படித்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டு விஷயத்தை மட்டும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். அந்தக் கறுப்பு டேப் எதற்கு என்று போன மாதம் கேட்டபோது வெயில் படாமல் இருக்க என்றீர்கள். அதை உரித்தால் உள்ளே எஞ்சின் எச்சரிக்கை விளக்கு தகதகவென்று எரிகிறது. இரண்டு வருஷமாக எரிகிறதாம், அத்தை சொன்னார். ஒரு சென்சாரின் இணைப்பு கழன்றிருந்தது. அதைச் சொருக எனக்குப் பத்து நிமிஷம். டேப்பைக் கத்தரிக்கோலால் அவ்வளவு அளவாக வெட்டி ஒட்ட உங்களுக்கு அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கும்.

அடுத்தது, முன் சீட்டில் பயணி பக்கம் தலையணைப் பகுதி இல்லை. தேர்வதிகாரி உட்காருகிற சீட் அது, அவருக்குக் கழுத்து இருக்கும். தேடினால் அது வீட்டில் உங்கள் சாய்வு நாற்காலியில் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. "அவர் வந்து கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ" என்று அத்தை முன்ஜாமீன் வாங்கிக்கொண்ட பிறகுதான் கயிற்றை அவிழ்த்தார். இன்சூரன்ஸ் காகிதத்தையும் உங்கள் ஃபைலிலிருந்து அவரே எடுத்துக் கொடுத்தார். அதில் ஓட்டுநர் என்று உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது, மருமகன் என்று ஒரு ஜென்மம் இருப்பதாகவே தெரியவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்டேன். கடைசியில் பழகுகிறவர்களுக்கென்று மூன்று நாள் பாலிசி ஒன்று உண்டு என்றார்கள். எட்டுப் பக்கம் வந்தது. நாலு பக்கம் படித்தேன், பெயரும் வண்டி எண்ணும் சரியாக இருந்தன, மீதி வழக்கமான பொடி எழுத்து என்று கையெழுத்துப் போட்டேன். இந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

புதன்கிழமை எங்கள் போர்மேன் பக்கத்தில் உட்கார, நான் ஓட்டிக்கொண்டு போனேன். எனக்குப் பழக்கும்போது நீங்கள் தினமும் சாயங்காலம், அக்கம்பக்கத்தில் மானம் போகிறது, முப்பது வருஷமாக ஓட்டுகிறவன் வண்டியில் இதென்ன அட்டை என்று பிய்த்துப் பிய்த்துப் போட்டீர்களே, அந்த எல் போர்டைப் புதுப் பசை தடவி ஒட்டியிருந்தேன். போர்மேன் என்னை டெஸ்ட் மைதானத்தில் விட்டுவிட்டு பஸ் பிடித்து வேலைக்குப் போய்விட்டார். தேர்வதிகாரி அம்மாள் பக்கத்து ஆபீஸ் கட்டிடத்தின் நாலாவது மாடியிலிருந்து படிகளில் இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். ஐம்பது வயது இருக்கும், முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

மாமா, மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தக் கட்டிடத்து லிஃப்டை நிறுத்திச் சிவப்பு அட்டை மாட்டியவன் நான்தான். தரைமட்டத்துக்கு அரை அங்குலம் கீழே நின்றது. "அரை அங்குலம்தானே தம்பி, பார்த்துக் கால் வச்சுக்கறோம்" என்று இதே அம்மாள் அன்றைக்குக் கேட்டார். விதியில அரை அங்குலத்துக்கு இடமில்லை மேடம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாகம் வர மூன்று வாரம் ஆகும் என்றும் சேர்த்துச் சொன்னேன், அதுவும் கொஞ்சம் விறைப்பாக.

அவர் லிஃப்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பிரேக் விளக்கு, கண்ணாடிகள், பெல்ட், தலையணை எல்லாவற்றையும் பார்த்தார். டேப் ஒட்டியிருந்த இடத்தில் பசைக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். பிறகு பையிலிருந்து சின்ன அளவுகோலை எடுத்து டயர் பள்ளங்களில் ஒவ்வொன்றாக வைத்தார். நானும் முந்தின நாள் அளந்திருந்தேன், மூன்று டயர்களை. நாலாவது சுவரை ஒட்டி நின்றதால் மற்றவை மாதிரிதான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அவர் நாலாவதின் முன்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, நிமிர்ந்தார்.

"விதியில அரை மில்லிமீட்டருக்கு இடமில்லை தம்பி."

வேன், நாற்பது லிஃப்டு, எல்லாம் கண் முன்னால் டாட்டா காட்டிவிட்டுப் போயின. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, நியாயமான மனுஷி. டெஸ்ட் நேரத்துக்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கிறது, அதற்குள் முடிந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றார். உங்கள் ஸ்டெப்னி ஒருநாளும் சாலையைப் பார்த்ததில்லை என்பதால் புத்தம் புதிதாக இருந்தது. இந்த ஒன்றுக்கு மட்டும் உங்களுக்கு மனமார்ந்த நன்றி. வெள்ளைச் சட்டையோடு ஒன்பது நிமிஷத்தில் மாற்றினேன். அளந்து பார்த்து, தலையை ஆட்டி, ஏறி உட்கார்ந்தார். ஓட்டினேன். கிளட்சிலிருந்து காலை எடுக்காதே, வளைவில் ஹாரனை விடாதே என்று நீங்கள் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் கவனமாக நினைவு வைத்து, எதையும் செய்யவில்லை. பாஸ்.

துள்ளிக் குதித்து, எல் போர்டைப் பிய்த்து, வண்டியைக் கிளப்பப் போனேன். அந்த அம்மாள் ஜன்னலைத் தட்டினார். கையில், சரிபார்க்க வாங்கி வைத்திருந்த என் பாலிசி.

"அஞ்சாம் பக்கம் படிச்சீங்களா தம்பி?"

ஐந்தாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்றால், இந்தப் பாலிசி பழகுகிறவருக்கு மட்டும், அவர் டெஸ்டில் தேறிய நிமிஷமே முடிந்துவிடும். அதாவது தோற்றிருந்தால் போர்மேனைக் கூப்பிட்டு ஜம்மென்று ஓட்டிக்கொண்டு வந்திருக்கலாம். பாஸானதால் என்னால் ஓரடி நகர்த்த முடியாது. போர்மேன் பெயரும் உங்கள் பாலிசியில் கிடையாது. ஊருக்கெல்லாம் விதி சொல்கிறவன் நாலாம் பக்கத்தோடு நின்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன், இதை வைத்து ஒரு வருஷம் பேசுவீர்கள் என்பதும் தெரியும். அந்த அம்மாளோ சிரிக்கவே இல்லை. திங்கட்கிழமை பாகம் வருகிறது, முதல் வேலையாக உங்கள் லிஃப்டுதான் என்றேன். "அரை அங்குலம் கூட இருக்கக் கூடாது" என்றார். அப்போதுதான் சிரித்தார்.

ஆக, அந்தக் காரைத் தொடும் உரிமை இந்த உலகத்தில் இப்போது உங்கள் ஒருவருக்குத்தான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் எடுக்காவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பேத்தியை இரண்டு நாள் விட்டுவிட்டு உடனே ரயில் ஏறுங்கள். சாவி அத்தையிடம். உங்கள் லைசென்ஸ் ஃபைலில்தான் இருக்கும் என்றார், தேடி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு. பேத்தி நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும், அவள் ஏறுகிற எல்லா லிஃப்டும் சரியான மட்டத்தில் நிற்கட்டும். உங்கள் பாதங்களுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
லைசென்ஸ் உள்ள மருமகன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுகிற நேரத்தில் அத்தை உங்கள் லைசென்ஸைக் கொண்டுவந்தார். காலாவதியாகிப் பதினாலு மாதம் ஆகிறது. அந்த அம்மாளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒரு வருஷம் தாண்டினால் முதலிலிருந்து டெஸ்ட்தானாம். ஆகவே மேலே சொன்ன எதற்காகவும் அவசரப்பட்டு வர வேண்டாம், பேத்தியோடு நிதானமாக இருங்கள். உங்கள் பெயரைப் பதிந்துவிட்டேன். ஆறு வாரம் கழித்துத் தேதி, டெஸ்ட் எடுக்கப்போகிறவர் வண்டி என்பதால் அதுவரை மைதானத்து ஓரத்தில் நிற்கலாம் என்று அனுமதியும் கிடைத்துவிட்டது. கழற்றிய நாலாவது டயருக்குப் பதிலாகப் புதிது ஒன்று வாங்கி ஸ்டெப்னியாக வைக்கிறேன். எல் போர்டு டிக்கியில் பத்திரமாக இருக்கிறது.