கலர் செவுத்துக்கு முன்னால ஒப்பாரி

கடலூர் முதுநகர்,
ஞாயிற்றுக்கிழமை

அண்ணன் தங்கராசுக்கு, தங்கச்சி கலைமணி கும்பிட்டு எழுதிக்கிறது. இங்க நானும் மவ இளமதியும் இருக்கோம். நலம்னு எழுதக் கை வரல, அதனால இருக்கோம்னு எழுதுறேன். அங்க அண்ணி சொகமா? உன் கால் கட்டு பிரிச்சாச்சா? போன்ல பேசுனா நீ குறுக்க பேசுற, அதான் கடுதாசி.

கட்டோட நீ எங்க வூட்டுக்காரரு காரியத்துக்கு வர முடியல. என் நாத்தனார் அமிர்தம் சொன்னதை மட்டும் கேட்டுட்டு, "அந்த மெஷின மொதல்ல தூக்கி வெளிய போடு"ன்னு கத்துற. போட மாட்டேன். அது இளமதி அண்ணாமலை நகர்ல படிப்புக்காகச் செய்யறது. அவ அப்பா கண்டக்டரா ஓடுன கடைசி டிரிப்பு, சிதம்பரம் போய்த் திரும்புனது, அதோட டிக்கெட் கணக்கை பஸ் ஓனர்கிட்ட வாங்கி உள்ள போட்டிருக்கா. அந்தக் கணக்குப்படி ஜனம் ஏறுனா மெஷினு செவுத்துல அடிக்கிற கலரு வெளிச்சம் பொங்கும், இறங்குனா வடியும். ஒரு தடவை வந்த கோலம் மறு தடவை வராது. மைக்கும் வச்சிருக்கா, நாம வாயைத் தொறந்தாலும் பொங்கும். காரியத்தன்னிக்கு வந்தவங்க பேச்சும் சேரட்டும்னு கூடத்துல ஓட விட்டா. அமிர்தம் வந்து "எங்கண்ணா"ன்னு குரலெடுத்தா பாரு, செவுரு பூரா செவசெவன்னு பூத்துப்போச்சு. அழுகையை நிறுத்திட்டு அண்ணாந்து பாக்குறா. அவ ஓரகத்திக்குப் பொறுக்குமா? "நகருடி"ன்னு மைக்கைப் புடிச்சா, மஞ்சளா வந்துச்சு. அப்புறம் வரிசை கட்டி அழுதாங்க அண்ணே, போட்டோ வேற. கடைசில என்னைத் தள்ளி விட்டாங்க. எனக்குச் சத்தமே வரல. செவுரு இருட்டா நின்னுச்சு. "மெஷினு பொய் சொல்லுமா? கட்டுனவளுக்கு ஒண்ணுமே இல்ல பாருங்க"ன்னுட்டா அமிர்தம். வடையும் கையுமா இருந்தவங்க எல்லாம் என்னையே பாத்தாங்க.

அதுக்குத்தான் போட மாட்டேன்றேன். வெள்ளிக்கிழமை அண்ணாமலை நகர்ல இதை எல்லாரும் பாக்க வைக்கிறாங்க. நானும் போறேன், அமிர்தத்தையும் வரச் சொல்லிட்டேன். எனக்குள்ள கெடக்குறதைக் கலரா வரவச்சிட்டுத்தான் அந்த மைக்கை விட்டு நகருவேன். நீ தடுக்காத.

அண்ணியை, புள்ளைங்களைக் கேட்டதாச் சொல்லு. காலை ஊனாத. நீங்கல்லாம் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
தங்கச்சி கலைமணி

பின்குறிப்பு: கடுதாசியை ஒட்டப்போற நேரத்துல இளமதி வந்து தலையைச் சொறியுறா. அன்னிக்கு வடைக்கு அரைக்க, சமையல்காரரு மைக்கு பிளக்கைப் புடுங்கிட்டு கிரைண்டரைச் சொருகிட்டாராம். யார் அழுததும் மெஷினுக்குக் கேக்கவே இல்லையாம். பொங்குனதெல்லாம் எங்க வூட்டுக்காரரு வண்டியில ஏறுன ஜனம். அமிர்தத்துக்குப் பூத்தது ஆலப்பாக்கத்துல ஏறுன கூட்டம். நான் நின்னப்போ அந்தக் கணக்குல வண்டி சிதம்பரத்துல காலியா நின்னுச்சாம், அதான் இருட்டு. அங்கதான் அவரு டீ குடிப்பாரு. அமிர்தத்துகிட்ட சொல்லிடாத, வெள்ளிக்கிழமைக்கு இப்பவே அழுது பழகுறா. எனக்கு மைக்கு வேணாம்னுட்டேன். வண்டி காலியாவுற வரைக்கும் பாத்திருந்து, அந்த இருட்டுக்குப் பக்கத்துல ஒரு சேரைப் போட்டு உக்காந்துக்குவேன். அவரு டீயைக் குடிச்சிட்டு மெதுவா கிளம்பட்டும்.