ஒரு சாட்சி போதும்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்குப் பிறகு உலகில் நடந்த மிகப் பெரிய நன்மை, எங்கள் காஜா பெராங் மக்கள் வழிகாட்டிச் சங்கம் ஓர் இலவசத் தாளை வெளியிட்டதுதான். சங்கத்தின் துணைச் செயலாளர் நான் என்பதால் இதை அடக்கத்தோடு சொல்கிறேன்.

மலாய் நாடு சுதந்திரம் பெற்ற மறு ஆண்டு அது. குடியுரிமைக்குச் சலுகையில் மனுச் செய்ய ஆகஸ்டு கடைசிவரைதான் தவணை. மனுச் செய்யும் முறையைத் தமிழில் எழுதி, சைக்ளோஸ்டைலில் உருட்டி, ஊரெங்கும் கொடுத்தோம். தாளின் அடியில் ‘இது பொதுச் சொத்து. யாரும் படியெடுக்கலாம், யாரும் திருத்தலாம். உங்கள் கருத்தே எங்கள் உயிர்’ என்றிருந்தது. அந்த வாசகம் என்னுடையது.

மூன்றாம் வரியில் ‘ஒரு சாட்சியை அழைத்துச் செல்க’ என்றிருந்தது. குடியுரிமை அலுவலகத்தில் இரண்டு சாட்சி கேட்டார்கள்.

உஜோங் பாசிர் பகுதி மாட்டுவண்டிக்காரர் மருதமுத்து ஒரு சாட்சியோடு போனார். குமாஸ்தா ‘தாக் போலே’, முடியாது, என்று திருப்பி அனுப்பினார். மருதமுத்து நேராகச் சங்கத்துக்கு வந்தார். கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

தலைவர் கலியாணசுந்தரம் அவரை உட்காரச் சொல்லவில்லை. ஆனால் முழுக் கவனத்துடன் கேட்டார். தலைவருக்கு வீட்டிலும் மேடைத் தமிழ்தான்.

“நான் சென்றபோது ஒரு சாட்சி போதுமானதாக இருந்ததே?”

குமாஸ்தா தலைவரின் மைத்துனர் என்பது இங்கே தேவையற்ற விவரம்.

“எனக்குப் போதலீங்களே, ஐயா.”

“அப்படியானால் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொல்வது கருத்தாகாது, வெறும் பேச்சு. ஆங்கிலத்தில், மூன்று பிரதிகள்.”

“இங்கிலீஷ் எழுதத் தெரிஞ்சா உங்க காகிதம் எனக்கு எதுக்குங்க?”

இந்தக் கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் தலைவர் அடுத்த பொருளுக்குப் போனார். தாள் பொதுச் சொத்து, மருதமுத்துவே அதைத் திருத்தி ஸ்டென்சில் வெட்டிக் கொண்டுவந்தால் மகிழ்ச்சியோடு பரிசீலிப்போம் என்றார். மருதமுத்து தன் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

நாங்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. பாமரரும் கருத்துச் சொல்வதை ‘எளிதாக்க’ அன்று மாலையே ஓர் உபகுழு அமைத்தோம். அது ஐந்து நாள் உழைத்து, பதினான்கு கேள்விகள் கொண்ட படிவம் தயாரித்தது. எந்தப் பதிப்பு, எத்தனையாவது வரி, நீங்கள் எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன... கடைசியாக, இதே குறையை இதற்கு முன் எவரும் கூறவில்லை என்று உறுதி தருகிறீர்களா? அடுத்து வந்த ஆறு பேரை, மருதமுத்து ஏற்கெனவே கூறிவிட்டார் என்ற காரணத்தால் திருப்பி அனுப்பினோம். மருதமுத்து கூறியதோ எழுத்தில் இல்லாததால் கணக்கில் வரவில்லை. மாடியில் பூட்டுப் போட்ட கருத்துப் பெட்டி ஒன்றும் மாட்டினோம்.

அலுவலக வாசலில் நூர்ஜஹான் என்றொரு பெண்மணி ஆப்பம் விற்றார். எழுதப் படிக்கத் தெரியாது. எந்த உபகுழுவிலும் இல்லை. எங்கள் தாளோடு வருபவர்களைக் கூப்பிட்டு, “ரெண்டு ஆள் வேணும் அண்ணே, ஒருத்தரோட உள்ள போகாதீங்க” என்பார். யாரோ அடையாளம் காட்டியிருந்த மூன்றாம் வரியின் பக்கத்தில் அடுப்புக் கரியால் இரண்டு கோடு போட்டுக் கொடுப்பார்.

கடைசி நாள் மருதமுத்து மறுபடியும் ஒரே சாட்சியோடு வந்து நின்றார். இன்னொருவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை.

நூர்ஜஹான் சட்டியை இறக்கி வைத்தார். “பதினஞ்சு வருஷமா எனக்கு விறகு இறக்குறீங்க. உங்களை எனக்குத் தெரியாதா? நடங்க, நான் வர்றேன்.”

மனு ஏற்கப்பட்டது. அன்று பாதி மாவு புளித்துப்போனது.

அந்த மாதத்தில் இரண்டு நாள் அவர் காய்ச்சலாய்ப் படுத்திருந்தார். அப்போது திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று சங்கத்தில் குறிப்பு இல்லை. எழுத்தில் வரவில்லை.

ஆண்டுக் கூட்டத்தில் பெட்டியைத் திறந்தோம். காலி. குறையே இல்லாத தாள் என்று கைதட்டினோம். அப்போது ஓர் உறுப்பினர் கரிக்கோடு போட்ட தாளொன்றை எடுத்துக் காட்டினார். பொதுச் சொத்தை அசிங்கப்படுத்திய ஆப்பக்காரிக்குக் கண்டனத் தீர்மானம் கொண்டுவரப்பட்டது.

எங்கள் விதிப்படி, தீர்மானத்துக்கு ஒருவர் போதாது. இரண்டு பேர் வேண்டும். தலைவர் முன்மொழிந்தார். ‘யாரும் திருத்தலாம்’ என்று எழுதிய நான், ஆண்டவன் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டாவது ஆளாக எழுந்து நின்றேன்.