திண்டிவனத்தில் என் மைக்கை நிறுத்திய வல்லரசு

அன்றைக்குத் திண்டிவனத்தில் நான் பேசிய பேச்சுக்காக என் குடும்பத்தில் எல்லாரும் என்னை மன்னித்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரமே அதுதான். மன்னிக்கச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லையே? தப்புச் செய்தவனைத்தானே மன்னிப்பார்கள்? நான் செய்தது ஆராய்ச்சி.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் எங்கள் மாடியில் குடியிருந்து போட்டித் தேர்வுக்குப் படித்த ஒருவர், வேலை கிடைத்துக் காலி செய்தபோது ஒரு மூட்டைப் புத்தகத்தை விட்டுப்போனார். எடைக்குப் போட்டுவிடச் சொன்னார். போடுவதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்தேன். சர்வதேச உறவுக் கோட்பாடுகள். (அன்றோடு என் மனைவியின் நிம்மதி போயிற்று என்று அவள் சொல்வாள். அது அவள் தரப்பு.)

பிரமாதமான விஷயம் சார் அது. மூன்று கட்சிகள் உட்கார்ந்து, நாடுகள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்று காலங்காலமாக அடித்துக்கொள்கின்றன. யதார்த்தவாதம் என்ன சொல்கிறது? நாடுகளுக்கு மேலே போலீஸ் ஸ்டேஷன் கிடையாது, அவனவன் பாதுகாப்பை அவனவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், அதனால் எல்லாரும் பக்கத்து நாட்டின் பலத்தைப் பார்த்துப் பயந்துகொண்டே இருப்பார்கள் என்கிறது. தாராளவாதம் மறுக்கிறது. வியாபாரம் பண்ணு, ஒப்பந்தம் போடு, ஒரு சபையில் உட்கார்ந்து பேசு, லாபம் தெரிந்தால் சண்டை குறையும் என்கிறது. மூன்றாவதாகக் கட்டுமானவாதம். பயமும் லாபமும் இருக்கட்டும், எதிரே நிற்பவனை நீ யாராக நினைக்கிறாய் என்று கேட்கிறது. சிநேகிதன் கையில் துப்பாக்கி இருந்தாலும் நாம் பயப்படுவதில்லை, வேண்டாதவன் குடையைத் தூக்கினாலே இரண்டடி பின்னால் போகிறோம் இல்லையா?

எனக்கு ஜனங்கள் பேசுவதைக் கேட்கப் பிடிக்கும். கடைக்கு வருகிறவர்கள் போகிறபோக்கில் சொல்வதையெல்லாம் மனதில் போட்டு வைத்துக்கொள்வேன். கோலியனூரிலிருந்து வருகிற கரும்பு விவசாயி ஒருவர் ஒருநாள், “பக்கத்து வூட்டுக்காரன் புது வண்டி எடுத்தாம்பா, அன்னியிலேருந்து என் வண்டி சத்தம் போட ஆரம்பிச்சிருச்சி” என்றார். யதார்த்தவாதத்தை இவ்வளவு சுருக்கமாக நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. இப்படித் தைத்துக்கொண்டே பேசிப் பேசி, சின்னச் சின்னப் பட்டிமன்றங்களுக்குக் கூப்பிடும் அளவுக்கு வந்துவிட்டேன்.

அப்படித்தான் திண்டிவனத்தில் ஒரு வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். தலைப்பை நானே கொடுத்தேன். ‘உலக நாடுகளை நடத்துவது பயமா, லாபமா, நினைப்பா?’ மூன்று கோட்பாட்டையும் மூன்றே சொல்லில் அடக்கியவன் என்று இன்றைக்கும் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன். எனக்குப் பயம். லாபத்துக்கு வங்கியில் வேலை பார்க்கிற ஒரு அம்மா. நினைப்புக்கு ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். நடுவர், ரிட்டயர்டு தலைமை ஆசிரியர் ஒருவர்.

நோட்டீஸ் வந்த அன்று என் மனைவி தனம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அடியில் ஒலி ஒளி என்று போட்டு அவள் அண்ணன் ஏழுமலையின் மைக் செட் கடைப் பெயர் இருந்தது.

இங்கே கொஞ்சம் கதை சொல்ல வேண்டும். நானும் தனமும் விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். விழுப்புரத்துக்கு கம்ப்யூட்டர் கிளாஸ் வந்தவள், ஸ்கூட்டரின் கிழிந்த சீட்டைத் தைக்க என் கடைக்கு வந்தாள். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்கப்புறம் பேச்சே இல்லை. எங்கள் மகன் பள்ளிக்கூடம் போகிற வயசும் வந்துவிட்டது. அண்ணன் திண்டிவனத்தில், தங்கை விழுப்புரத்தில், நடுவில் ஒரு பஸ் டிக்கெட்தான் தூரம். இப்போது ஏழுமலையின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு அத்தை என்று இருப்பது தனம் ஒருத்திதான். பத்திரிகை வருமா வராதா என்பது தெரியாமல் அவள் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க பேசறது நோட்டீசுல போட்டிருக்கு. பாத்துட்டுத்தான அண்ணன் ஆர்டரை ஒத்துக்கினு இருக்கும்?” என்றாள். பதிலை எதிர்பார்க்கவில்லை. பிறகு மெதுவாக, “நானும் வர்றேன். நீங்க அமெரிக்காவைப் பேசுங்க, ரஷ்யாவைப் பேசுங்க. எங்க அண்ணன் பக்கம் மட்டும் போவாதீங்க. நான் அதுகிட்ட ஒரு வார்த்தை பேசணும்.”

நான் தலையாட்டினேன். (தலையாட்டல் ஒப்பந்தம் ஆகாது. எந்த நாடும் கையெழுத்தில்லாமல் எதற்கும் கட்டுப்பட்டதில்லை.)

ஞாயிற்றுக்கிழமை காலை. நூலகத் தெருவில் ஷாமியானா. பஸ் ஸ்டாண்டு முனை வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர். மேடைக்கு இடது பக்கம் ஆம்ப்ளிஃபயர் மேஜை. அதற்குப் பின்னால் ஏழுமலை. தனம் பெண்கள் பக்கத்தில் அந்த மேஜைக்கு எவ்வளவு கிட்டே நாற்காலி உண்டோ அதில் போய் உட்கார்ந்தாள். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, திருகத் தேவையில்லாத ஒரு குமிழைத் திருகிக்கொண்டிருந்தார்.

முதலில் வங்கி அம்மா. வீட்டில் டிவி ரிமோட்டுக்காகத் தானும் கணவரும் போட்டுக்கொண்ட உடன்படிக்கையைச் சொன்னார். கைதட்டல். அடுத்து ஆசிரியர். மாமியார் கொடுத்த காபியை மருமகள் சந்தேகமாகப் பார்த்த கதையைச் சொன்னார். விசில். பிறகு நான். ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். மேலதிகாரம் இல்லாத உலகம், பலச் சமநிலை, ஒரு நாட்டின் தற்காப்பே அடுத்த நாட்டுக்கு மிரட்டலாகிவிடுகிற சிக்கல் என்று அடுக்கினேன். கூட்டம் மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்தது. கடலைத் தோல் உடைகிற சத்தம் மேடைக்குக் கேட்டது. முன் வரிசைக்காரர் ஒருவர் கொட்டாவி விட்டதில் அவருடைய கடைவாய்ப் பல் வரைக்கும் எனக்குத் தெரிந்தது. நடுவரின் கை மணிப் பக்கம் போயிற்று.

நீங்களே சொல்லுங்கள், ஒரு கோட்பாடு உங்கள் கண்ணெதிரே சாகும்போது என்ன செய்வீர்கள்? காப்பாற்ற மாட்டீர்களா?

“ஏன் அமெரிக்காவுக்குப் போவணும்? இந்த ஊர்லயே ரெண்டு சவுண்ட் சர்வீஸ் இருக்குது” என்றேன். மல்லாட்டை நின்றது. ஒருத்தர் இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் வாங்கினார், அதைப் பார்த்து அடுத்தவர் பயந்துபோய் நாலு வாங்கினார், இவர் எட்டாக்கினார், யாரும் யாரையும் அடிக்கப் போகவில்லை, ஆனாலும் திருவிழா வந்தால் ஊருக்கே காது போகிறது, இரண்டு பேருமே தற்காப்புக்குத்தான் என்கிறார்கள் என்று விளக்கினேன். ஷாமியானா குலுங்கியது. மொத்தக் கூட்டமும் திரும்பி ஏழுமலையைப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவரே லேசாகச் சிரித்தார். ஆயுதப் போட்டிக்கு அதைவிடச் சரியான உதாரணத்தை யாராவது சொல்லட்டும், நான் தையல் மெஷினை விற்றுவிடுகிறேன்.

அங்கே நிறுத்தியிருக்கலாம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கைதட்டல் வாங்கிப் பார்க்காதவர்கள் சொல்வது அது. நான் அடுத்த தலைப்புக்குப் போனேன். தூதரக உறவு.

“சில வல்லரசுங்க சொந்தத் தங்கச்சிகூடவே உறவை வெட்டிக்கினு ஒக்காந்திருக்கும். கோவம்னு நினைக்கிறீங்களா? இல்லீங்க. பயம். நாம மொதல்ல பேசிட்டா நம்ம கெத்து போயிடுமோன்ற...”

கடைசிச் சொல் ஸ்பீக்கரில் வரவில்லை. மைக் செத்திருந்தது.

கூட்டம் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரமாயிற்று. ஏழுமலையின் விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது. தனம் எழுந்து நின்றுவிட்டாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். மூன்று கோட்பாட்டாலும் அதை விளக்க முடியாது. வேறு யாராக இருந்தாலும் இறங்கியிருப்பார்கள். நான் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் தொண்டையில், “நடுவர் அவர்களே, நான் சொன்னதை நிரூபிச்சிட்டாங்க. இதுக்குப் பேருதான் தடை விதிக்கிறது” என்று கத்தினேன். கைதட்டல் வந்தது என்பதைப் பதிவு செய்கிறேன்.

அப்போதுதான் ஏழுமலை தன்னிடம் இருந்த கார்ட்லெஸ் மைக்கை எடுத்தார். எல்லாக் குழாயிலும் அவர் குரல் வந்தது. “நான் எவனுக்கும் பயந்தவன் இல்ல. அவ வருவான்னு பாத்துக்கினு இருந்தேன். வர்ல. அவ்ளோதான்.”

தனம் நேரே மேஜைக்குப் போனாள்.

“கூப்ட்டியா நீ?”

“பொறந்த வூட்டுக்கு வர்றதுக்கு உனக்குத் தாம்பாளத்துல பத்திரிகை வெக்கணுமா?”

“எம்புள்ள பொறந்தப்ப ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தியே, உள்ள வந்தியா?”

“நர்ஸுங்க வுடல.”

“பொய் சொல்லாத. வாட்ச்மேன்கிட்ட பழத்தைக் குடுத்துட்டு கேட்டோட திரும்பிட்ட. நான் ஜன்னல்ல பாத்துக்கினுதான் இருந்தேன்.”

ஏழுமலை மைக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு, “பாத்தியில்ல, ஒரு குரல் குடுத்திருக்கலாம் இல்ல?” என்றார்.

இதெல்லாம் கார்ட்லெஸ் மைக் வழியாகப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்க்கொண்டிருந்தது என்பது இரண்டு பேருக்கும் நினைவில்லை. மரக்காணம் பஸ்ஸைப் பிடிக்க ஓடியவர்கள் நின்றுவிட்டார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். எனக்கும் அது புதுச் செய்திதான். அந்தப் பழங்களைத் தின்றவன் நான். பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் கொடுத்தார்கள் என்றுதான் தனம் சொல்லியிருந்தாள்.

மேடையில் இருந்த ஆசிரியர் துள்ளி எழுந்தார். அவள் உள்ளே கூப்பிட மாட்டாள் என்று அண்ணன் நினைத்தார், அவர் உள்ளே வர மாட்டார் என்று தங்கை நினைத்தாள், ஆகவே எல்லாமே நினைப்பு என்றார். வங்கி அம்மா விடவில்லை. உட்கார்ந்து பேச இப்படி ஒரு சபை இருந்ததால்தானே விஷயம் வெளியே வந்தது என்றார். அடுத்தவர் முதலில் அசையட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்ததற்குப் பெயர் பயமில்லாமல் வேறென்ன என்று நான் கத்தினேன். எனக்கு மட்டும் மைக் இல்லை. ஆகவே வரலாற்றில் என் வாதம் பதிவாகவில்லை.

கடைசியில் ஏழுமலை, “வூட்டுக்கு வந்து சண்டை போடு வா. இங்க ஊரே கேக்குது” என்றார். சொன்ன கையோடு மெயினை அணைத்தார். நடுவரிடம் ஜல்தியா வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, தங்கையை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். வரவில்லை. நடுவர் தீர்ப்பை மைக் இல்லாமல் வாசித்தார். முன் வரிசைக்கு மட்டும் கேட்டது. நினைப்பு வென்றதாம். கேட்காதவர்களிடம் நான் வென்றதாகத்தான் சொல்லிவைத்தேன்.

இரண்டு லெமன் சாதப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு ஷாமியானாவைப் பிரிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். தனம் போன் பண்ணினாள். குரலில் அழுத சாயல் இருந்தது, சிரிப்பும் இருந்தது. சாயங்காலமாக அண்ணனே கொண்டுவந்து விடுகிறாராம். நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

“வேணாங்க. அண்ணன் இன்னும் கோவமாத்தான் இருக்கு. உங்க மேல” என்றாள். கொஞ்சம் விட்டு, “நானுந்தான்.”

விழுப்புரம் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். சோர்ந்துபோய் வந்தேன் என்று நினைக்காதீர்கள். யோசித்துக்கொண்டு வந்தேன். அண்ணனும் தங்கையும் ஒரே இலையில் சாப்பிடாத குறையாக ஒன்றாகிவிட்டார்கள். எதனால்? இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு எதிரி கிடைத்துவிட்டான். நான். பொது எதிரி வந்தால் பகையாளிகள் கூட்டணி சேர்வார்கள் என்று சொல்கிற கோட்பாடு எது? யதார்த்தவாதம். வளவனூரில் இருக்கும் என் சித்தப்பா முதல் எங்கள் தெரு பால்காரர் வரை எல்லாரிடமும் இதை எடுத்துச் சொல்லிவிட்டேன். ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை. தனத்தின் பாசம் ஜெயித்தது, இந்த ஆள் நடுவில் பூந்து கெடுக்கப் பார்த்தான் என்றுதான் குடும்பத்தில் வரலாறு எழுதிவிட்டார்கள்.

அடுத்த வாரமே ஏழுமலை பத்திரிகையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தாம்பாளத்தைத் தங்கையிடம் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு பூஜை அறைக்குப் போனவள், திரும்பி வர நேரமாயிற்று. என்னைப் பார்த்து அவர், “நீங்களும் வாங்க மாப்ள. ஆனா பேசாதீங்க” என்றார். என்னை மாப்ள என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இப்போது எங்கள் இரண்டு வீட்டிலும் காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா, எதுவானாலும் மைக் செட் ஏழுமலையுடையதுதான். நான் நாற்காலியை விட்டு எழுந்தால் போதும், அவர் ஒன்றும் சொல்லாமல் நடந்துபோய் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்று சுவிட்சின் மேல் விரலை வைப்பார். குழந்தைகள் வரைக்கும் விழுந்து விழுந்து சிரிக்கும். முதலில் சிரிப்பது தனம். “தடை போட்டாச்சி, ஒக்காருங்க” என்பாள்.

நான் உட்காருவதில்லை. தொண்டையைப் பழக்கி வைத்திருக்கிறேன். கடைசிப் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருக்கிறவர் வரைக்கும் கேட்கும்.