அலைக்கோட்டில் அமையாத வீடு

சுனாமி அலை மிகுந்த ஒழுங்குடன்தான் வந்து போயிருக்கிறது என்று 2005-ஆம் ஆண்டு அரசு கண்டுபிடித்தது. தேவனாம்பட்டினத்தில் அது ஏறி நின்ற எல்லையை வரைபடத்தில் குறித்தபோது y = 2x + 1 என்ற நேர்க்கோடு கிடைத்ததாம். அந்தச் சமன்பாட்டை நிறைவு செய்யும் வீடே பாதிக்கப்பட்ட வீடு, அதற்கே புது வீடு என்று சுற்றறிக்கை வந்தது. அதைச் செயல்படுத்த, அலைக்கோட்டுத் தனி அலுவலராகச் செம்பியன் வந்து சேர்ந்தார்.

வீடு மொத்தமும் போய், இரண்டு பெண் பிள்ளைகளோடு தார்ஷீட் கொட்டகையில் வெந்துகொண்டிருந்த லோகநாயகியின் மனு முதலில் எடுக்கப்பட்டது.

"உங்க வீட்டுக்கு x மூணு, y ஆறு. மூணை ரெண்டால பெருக்கி ஒண்ணைக் கூட்டினா ஏழு வருது. ஆறு ஏழாகாதும்மா. உங்க வீட்டை அலை தொடலை."

"கோட்டுக்குப் போற வழியில இருந்திச்சி சார் எங்க வீடு. அதை அடிச்சிக்கினுதான் அலை அங்க போச்சி."

"போற வழி பத்தி சுற்றறிக்கையில எதுவும் இல்ல."

குப்பம் முழுவதையும் பிரதியிட்டுப் பார்த்ததில் சமன்பாட்டை நிறைவு செய்தது ஒரே ஒரு பனைமரம். அதற்கு வீடு ஒதுக்கலாமா என்று செம்பியன் மேலிடத்தில் தெளிவுரை கேட்டார். மரத்துக்குக் குடும்ப அட்டை இல்லை என்று மறுத்துவிட்டார்கள். இருந்திருந்தால் கொடுத்திருப்பார்கள்.

கணக்கு உதவிக்கென்று அனுப்பப்பட்டிருந்த ஆரோக்கியராஜ் வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. புள்ளி கோட்டுக்கு வராவிட்டால் கோட்டைப் புள்ளிக்குக் கொண்டுவரலாமே, எந்த இரண்டு புள்ளி வழியாகவும் ஒரு நேர்க்கோடு போகுமே என்றார். விதியில் தடை இல்லை என்று செம்பியனும் ஒப்புக்கொண்டார். ஒரு புள்ளி லோகநாயகி வீடு. இன்னொன்று, அலுவலர் நேரில் அறிந்த இடமாக இருக்கவேண்டும் என்பதால், திருப்பாதிரிப்புலியூரில் இருந்த தன் சொந்த வீட்டைச் செம்பியன் குறித்தார். கோடு விழுந்தது. லோகநாயகி பாதிக்கப்பட்டவள் ஆனாள். குப்பத்து ஜனங்கள் நாங்கள் கைதட்டினோம்.

பிறகு ஆளாளுக்கு ஒரு கோடு கேட்டோம். முகம் சுளிக்காமல் எல்லோருக்கும் தன் வீட்டிலிருந்தே இழுத்துக் கொடுத்தார். இப்படி ஒரு நல்ல அதிகாரியா என்று வஞ்சிர மீனாகப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

கடைசியில், இப்போதைக்கு ஒரு வீட்டுக்குத்தான் நிதி என்று உத்தரவு வந்தது. எந்த இடத்தில் அதிகமான அலைக்கோடுகள் விழுந்திருக்கின்றனவோ அந்த இடத்துக்கே முன்னுரிமை.

ஊர்க்கூட்டத்தில் செம்பியன் முடிவை வாசித்தார். அத்தனை கோட்டிலும் இருந்த ஒரே வீடு அவருடையது. யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்றும் முறைப்படி கேட்டார்.

எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் தப்பு எங்கே என்று காட்டத் தெரியவில்லை. இதற்குள் எங்களுக்குக் கணக்கும் அத்துப்படி ஆகியிருந்தது. லோகநாயகி மணலில் குந்தி, அவர் வீட்டை ஒவ்வொரு கோட்டிலும் பிரதியிட்டுப் பார்த்தாள்.

"சரியாத்தான் வருது" என்று எழுந்து கொட்டகைக்குப் போனாள்.

நாங்களும் ஒருமுறை போட்டுப் பார்த்தோம். சரியாகத்தான் வந்தது.