கீழ யாரும் இல்ல, மிதிம்மா

மாடி வீட்டில் வாடகைக்கு இருந்து வளர்ந்தவர்களை நான் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவேன். நாற்காலியை இழுக்க மாட்டார்கள், தூக்கி வைப்பார்கள். பாத்திரம் கை நழுவி விழுந்தால் பாத்திரத்தைப் பார்க்க மாட்டார்கள், தரையைப் பார்ப்பார்கள். கல்யாண மண்டபத்தில்கூடக் குதிகாலை ஊன்றாமல், விரல் நுனியால் தரையிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நடப்பார்கள். நானும் அந்த இனம்தான். இந்த நடையால், ஒரு ஷாப்பிங் மாலின் மூன்றாவது மாடியில், என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கண் முன்னால் என் மானம் கப்பலேறியது. அந்தக் கதையை எங்கள் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்கள் சொன்னால் நிறைய மிகைப்படுத்துவார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன் (நான் கொஞ்சமாகத்தான் மிகைப்படுத்துவேன்).

அப்பா இறந்த பிறகு அம்மா தன் டீச்சர் சம்பளத்தில் என்னையும் தம்பி டேனியையும் வளர்த்தார். சேலையூரில் ஒரு முதல் மாடி. கீழே ஹவுஸ் ஓனர் அங்கிள், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மேலே எங்கள் வீட்டில் என்ன சத்தம் கேட்டாலும் ஒட்டடைக்கம்பால் தன் வீட்டுக் கூரையில் இடிப்பார். அது எங்கள் உள்ளங்காலில் கேட்கும். மிக்ஸிக்கு அடியில் மடித்த போர்வை, நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ் என்று நாங்கள் எத்தனை செய்தாலும் அந்தக் கம்புக்குத் திருப்தி வராது. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பையே ஒரே அதட்டலில் அடக்கும் அம்மா, எங்கள் வீட்டுப் படியேறியதும் கிசுகிசுப்புக்கு மாறிவிடுவார். "வேற வீடு பாத்துக்கோங்க" என்ற வார்த்தையை அங்கிள் என்றைக்காவது சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான் காரணம்.

அந்த வீட்டுக்குள்தான் டேனி ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தான். வெளிநாட்டுக்குக் கிளம்பிய நண்பன் விட்டுப்போன வீடியோ கேம். உள்ளே தரையில் விரிக்கிற பிளாஸ்டிக் பாய் ஒன்று. அதில் நான்கு பக்கமும் அம்புக்குறி. டிவியில் பாட்டு ஓடும், திரையில் அம்புகள் மேலேறி வரும், தாளத்துக்குச் சரியாக அதே அம்பைக் காலால் மிதிக்க வேண்டும். சரியாக மிதித்தால் திரை பாராட்டும், தவறினால் 'மிஸ்' என்று சிவப்பில் காறித் துப்பும். அவ்வளவுதான் விளையாட்டு. எனக்கு அப்போது வயது இருபத்தைந்து. ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. பெட்டியைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோய், துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் பாட்டை ஆடினேன். பாட்டு முடிவதற்குள் கதவு தட்டப்பட்டது. அங்கிள் கையில் காபி டம்ளருடன் நின்றார்.

"டீச்சர், இதைக் கொஞ்சம் பாருங்க."

அம்மா எட்டிப் பார்த்தார். காபியின் மேல் கூரைச் சுண்ணாம்பு மிதந்தது.

"டாக்டர் சக்கரையைத்தான் குறைக்கச் சொன்னார். சுண்ணாம்பைச் சேக்கச் சொல்லலை."

அம்மா அவரிடம் மன்னிப்புக் கேட்ட விதத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் போனதும், "பிரிசில்லா, அதைத் தூக்கிப் பரண்ல போடு" என்றார் அம்மா.

போடவில்லை. அந்த அரைப் பாட்டு நேரத்தில் எனக்கு ஏதோ ஆகியிருந்தது. ஜமுக்காளத்தை நாலாக மடித்து, அதன் மேல் பாயை விரித்தேன். காலில் சாக்ஸ், காதில் ஹெட்போன். அந்தப் பிளாஸ்டிக் பாய்க்கு விரல் நுனி பட்டாலே போதும், மிதித்ததாக எடுத்துக்கொள்ளும். சத்தமே இல்லாமல் ஆடப் பழகினேன். அங்கிளின் மதியத் தூக்கத்துக்கு மேலேயே ஆடினேன். வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்குப் பாட்டு கிடையாது, ஓசை கிடையாது, சாக்ஸ் போட்ட ஒருத்தி வேர்க்க விறுவிறுக்க அறையின் நடுவில் துடித்துக்கொண்டிருப்பாள். முதல்முறை பார்த்த அம்மா நேராக ஜெபம் பண்ணப் போய்விட்டார்.

சில மாதங்களில் இருப்பதிலேயே கஷ்டமான பாட்டுகளையும் ஒரு 'மிஸ்' இல்லாமல் முடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை படியில் என்னை நிறுத்தி, "அந்த ஆட்டத்தை விட்டுட்டியாம்மா? நல்ல பொண்ணு" என்றார் அங்கிள். (விட்டதாவது! அன்று காலையில்தான் அவர் தலைக்கு நேர் மேலே ஒன்றரை மணி நேரம் ஆடியிருந்தேன்.)

இப்போது சிரிப்பாக இருக்கிறது. அன்று அது எனக்கு விளையாட்டாக மட்டும் இல்லை. ஆபீசில் நான் சத்தமே இல்லாத பொண்ணு. சர்ச்சில் அடக்கமான பொண்ணு. அம்மா வரன் பார்க்கும்போது முதலில் சொல்கிற தகுதியும் அதுதான்: "ரொம்ப அமைதியான பொண்ணுங்க." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அமைதியானவள் இல்லை, கீழே ஆள் இருந்தார்கள், அவ்வளவுதான். உலகத்தில் ஒரே ஒருவருக்காவது இது தெரிய வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஆல்வின் ஜாதகம் வந்தது (ஜாதகம் என்றால் எங்களுக்கு பயோடேட்டா). கோவிலம்பாக்கத்தில் வீடு, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, அம்மாவும் மகனும் மட்டும். போனில் பேசினோம்.

"உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார்.

"டான்ஸ்."

"சர்ச் ப்ரோகிராம்லயா?"

"இல்ல, வீடியோ கேம்ல. அம்பு வரும், மிதிக்கணும். நான் ஆடினா மெஷினே மிரண்டுடும்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "அமைதியான பொண்ணுன்னு சொன்னாங்களே?"

"அது எங்கம்மா சொன்னது."

"அப்ப நல்லதாப் போச்சு. நானும் மால்ல அதை ஆடியிருக்கேன், சுமாரா. அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன். நீங்களும் வாங்க, அங்கயே பாத்துக்கலாம்."

எனக்கு அந்த 'நல்லதாப் போச்சு' பிடித்துப்போனது. இந்த மனிதர் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று முதல்முறையாக ஒரு வரனுக்காக நானே ஜெபித்தேன். ஆடிக் காட்டிவிட்டால் போதும், நான் யாரென்று தெரிந்துவிடும் என்று நம்பினேன்.

அந்த மாலில் விளையாட்டுக் கூடம் மூன்றாவது மாடியில் இருந்தது. ஒரே இரைச்சல், ஒரே வெளிச்சம். நடுவில் நான் தேடி வந்த மெஷின். ஆளுயரத் திரை, கீழே இரண்டு பேர் ஆடுகிற இரும்பு மேடை, பின்னால் பிடித்துக்கொள்ளக் கம்பி. ஆல்வின் போட்டோவில் இருந்ததைவிடக் கொஞ்சம் குண்டாக, ரொம்ப நன்றாக இருந்தார். அவர் அம்மா காட்டன் புடவையும் பெரிய கைப்பையுமாக எங்களைப் பார்த்துச் சிரித்தார். என் அம்மா, "ஜூஸ் குடிச்சிட்டுப் போயிடலாமே" என்று முணுமுணுத்தார்.

"எந்த லெவல்?" என்றார் ஆல்வின்.

"இருக்கறதுலயே கஷ்டமானது. மத்ததெல்லாம் குழந்தைங்களுக்கு."

(இந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறையாவது எனக்கு ஒப்பித்துக் காட்டுவார்கள்.)

பாட்டு தொடங்கியது. அம்புகள் ஏறி வந்தன. ஒவ்வொரு அம்புக்கும் என் விரல் நுனி சரியான நேரத்தில், சரியான இடத்தில் போய்த் தொட்டது. மிஸ். தொட்டது. மிஸ். மிஸ். மிஸ். பக்கத்தில் ஆல்வின் கரப்பான்பூச்சியைத் துரத்துகிறவர் போல மிதித்துக்கொண்டிருந்தார். தாளம் அங்கே இங்கே தவறினாலும் அவர் பக்கம் புள்ளிகள் ஏறின. என் பக்கம் திரை முழுக்கச் சிவப்பு. பாதிப் பாட்டில் என் ஆட்டத்தை மெஷின் நிறுத்திவிட்டது. நின்று வேடிக்கை பார்த்த பையன்கள் சிரித்தார்கள்.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இறங்கியிருக்கலாம். "இந்த மெஷின் ரிப்பேர்" என்றேன், உரக்க.

கூடத்தில் வேலை பார்த்தவர் வந்தார். "மெசினு நல்லாத்தான் கீது அக்கா. இப்பத்தான் ஒரு பாப்பா ஆடிட்டுப் போச்சு."

"எங்க வீட்டுல நான் ஒரு மிஸ்கூட விட்டது இல்ல. உங்க சூப்பர்வைசரைக் கூப்பிடுங்க!"

சூப்பர்வைசர் வந்தார். ஷூ காலால் நான்கு அம்பையும் ஒரு மிதி மிதித்தார். நான்கும் பளிச்சென்று எரிந்தன. கூட்டம் கைதட்டியது. அம்மா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். என் குரல் உடைந்துபோய், "அப்ப உங்க மெஷினுக்குக் காது கேக்கலை!" என்று கத்தினேன். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசிய பேச்சு இது.

இவ்வளவு நேரமும் ஆல்வினின் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல மேடைக்குப் பக்கத்தில் வந்தார்.

"மாடி வீடாம்மா?"

எனக்குப் புரியவில்லை. "ஆமா ஆன்ட்டி."

"கீழ ஹவுஸ் ஓனரா?"

"ஆமா."

"எதால இடிப்பாரு?"

"ஒட்டடைக்கம்பு."

"எங்களுக்கு உலக்கை" என்றார். "பம்மல்ல மாடில இருந்தப்போ இவனை நடக்கப் பழக்கினதே கட்டில் மேலதான்." என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா சட்டென்று தலை குனிந்துகொண்டார். பிறகு ஆல்வினின் அம்மா என் முழங்கையைப் பிடித்து, ரகசியம் சொல்வது போலச் சொன்னார்: "இது இரும்பு. உடையாது. கீழ யாரும் இல்ல, மிதிம்மா."

(கீழே ஒரு புடவைக் கடை இருந்தது. அது வேறு விஷயம்.)

மறுபடி பாட்டு போட்டார்கள். முதல் அம்பு வந்தது. காலைத் தூக்கினேன், இறக்க முடியவில்லை. உள்ளங்கால் கம்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். டொம்மென்று கேட்டது. யாரும் இடிக்கவில்லை. இன்னொரு மிதி. அதன் பிறகு அம்பையும் பார்க்கவில்லை, தாளத்தையும் கேட்கவில்லை. அம்மாவின் கிசுகிசுப்பை மிதித்தேன், சுண்ணாம்புக் காபியை மிதித்தேன், அமைதியான பொண்ணை மிதித்தேன். அழுதுகொண்டே மிதித்தேன் என்று ஆல்வின் சொல்கிறார், அது வேர்வை என்று நான் சொல்கிறேன். திரையில் என்னவோ மறுபடியும் 'மிஸ்' மழைதான். கடைசி மிதியில் வலது செருப்பின் வார் அறுந்து, செருப்பு பறந்து, பக்கத்தில் பந்து போடும் விளையாட்டின் கூடைக்குள் போய் விழுந்தது. அன்று நான் எடுத்த ஒரே பாயின்ட் அதுதான். (வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது என்பது டேனியின் கட்சி. அவன் அங்கு வரவே இல்லை.)

ஒற்றைச் செருப்போடு ஆட்டோவில் திரும்பினோம். மேடவாக்கம் தாண்டியதும் அம்மா என் வெறுங்காலை ஒருமுறை பார்த்தார். பிறகு, "அமைதியான பொண்ணுன்னு வாய் நிறையச் சொல்லியிருந்தேனே" என்றார். எனக்கு ஆல்வின் முகம் நினைவுக்கு வந்தது. நன்றாக இருந்த ஒன்றை நானே மிதித்துக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஆல்வினின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. என் அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"டீச்சர், மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. நீங்க சொன்ன அமைதியான பொண்ணு எங்க வீட்டுக்குச் சரிப்படாது."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா அங்க ஒரு பொண்ணு செருப்பு பறக்க மிதிச்சுதே, அதுக்கு வரன் எதுவும் முடிஞ்சிடுச்சான்னு ஆல்வின் கேக்கச் சொன்னான்."

அம்மா அன்று முதல்முறையாக அந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்தார். உடனே கீழேயிருந்து கம்பு இடித்தது. அம்மா நிறுத்தவில்லை.

கல்யாணமான பிறகு பள்ளிக்கரணையில் ஒரு அபார்ட்மென்ட்டில் தரைத்தளம் வாங்கினோம். சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் யாராவது தரைத்தளம் வாங்குவார்களா என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் கேட்டார்கள். மழை வலுத்தால் பிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருப்போம். "இவளுக்கு மிதிக்கணும், அதுக்கு நமக்கு முழங்கால் தண்ணி" என்பார் மாமியார். வீட்டில் குறி தவறியது எதுவானாலும் 'மிஸ்' என்பது எங்கள் குடும்ப வழக்கமாகிவிட்டது. குக்கர் விசில் அடிக்காமல் போனாலும் மிஸ், கூரியர்காரர் வீடு மாறிப் போனாலும் மிஸ்.

போன மாதம் மேல் வீட்டுக்கு ஒரு சின்னக் குடும்பம் வாடகைக்கு வந்தது. வந்த மறுவாரமே அந்தப் பெண் எங்கள் கதவைத் தட்டினாள். கண்ணில் பழைய பயம், எனக்கு நன்றாகத் தெரிந்த பயம்.

"சாரி அக்கா. பாப்பா டிவியைப் பாத்து ஆடிட்டே இருக்கா. பெட்ஷீட் மடிச்சுப் போட்டுட்டேன். சாக்ஸும் போட்டுவிட்டுட்டேன்."

"சாக்ஸைக் கழட்டிடுங்க" என்றேன்.

"கீழ நீங்க இருக்கீங்களே அக்கா?"

"ஆமா, கீழ நாங்கதான் இருக்கோம். மிதிக்கட்டும்."

அவள் நம்பாமல்தான் போனாள். ஆனால் மறுநாள் காலையில், மாமியாரும் நானும் காபியோடு உட்கார்ந்திருந்தபோது, மேலே டொம் டொம்மென்று தொடங்கியது. ஒரு பொடிச் சுண்ணாம்பு கூரையை விட்டுக் கிளம்பி இறங்கி வந்தது. மாமியார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்து, கடைசி நொடியில் தன் டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தினார்.

"மிஸ்" என்றார்.